வெள்ளரிக்காயில் என்ன இருக்கிறது?

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கினால் போதும், திருவள்ளூர் ரயில் நிலையத்திலும் அதை அடுத்த எங்கள் மணவாள நகரிலும் வெள்ளரிக் கூடைகள் வந்துவிடும். பிஞ்சை நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தடவிக் கொடுப்பார்கள். “உடம்புக்குக் குளிர்ச்சி” என்பார் பாட்டி. “அதில் என்னம்மா இருக்கு? வெறும் தண்ணீர்!” என்பார் அப்பா. யார் சொல்வது சரி?

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் நாட்டு உணவுப் பொருள்களைச் சோதித்து அட்டவணைகள் வெளியிட்டு வருகிறது. 1918இல் நம் குன்னூரில் தொடங்கப்பட்ட ஆய்வுக்கூடமே பின்னர் அங்கே சென்று இந்நிறுவனமாக வளர்ந்தது. 100 கிராம் வெள்ளரியில் ஏறத்தாழ 96 கிராம் தண்ணீர்தான். சக்தியோ சுமார் 15 கலோரி. வைட்டமின் ‘சி’யும் கொஞ்சமே. நெல்லிக்காயின் பக்கத்தில் நிறுத்தினால் வெள்ளரி வெட்கப்பட்டுப் போகும்! தோலில் சிறிது நார்ச்சத்தும் வைட்டமின் ‘கே’யும் உண்டு, ஆகவே நன்றாகக் கழுவித் தோலுடன் தின்பதே நல்லது. வெள்ளரி அந்த நோயைத் தீர்க்கும், இந்த நோயைத் தீர்க்கும் என்று சொல்வதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை.

அப்பா ஜெயித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் வேலை செய்வது காக்களூர் தொழிற்பேட்டையில், உலைக்கு அருகில். சென்ற சித்திரையில் ஒருநாள் தலைசுற்றி, கால் நரம்பு இழுத்துக்கொள்ள, இருவர் தாங்கி வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். வியர்வையில் நீரும் உப்பும் போய்விட்டன என்றார் டாக்டர். அன்று முதல் ‘வெறும் தண்ணீர்’ என்ற பேச்சு எங்கள் வீட்டில் இல்லை. பாலைவனத்தில் நடந்த இஸ்ரயேல் மக்கள் எகிப்தில் தின்ற வெள்ளரிக்காயை நினைத்து ஏங்கியதாக எண்ணிக்கை நூலில் படிக்கும்போது, அப்பாவின் வறண்ட உதடுகள்தாம் எனக்கு நினைவுக்கு வந்தன.

100 கிராம் வெள்ளரியில் ஏறத்தாழ 150 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. வியர்வையில் அதிகமாகப் போகும் சோடியமோ மிகச் சொற்பம். அந்தக் குறையைத்தான் கூடைக்காரம்மா தடவும் உப்பு நிரப்புகிறது. (இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில்லாமலே தின்னலாம்.)

இங்கே ஒரு வேடிக்கை. அம்மா காலையிலேயே வெள்ளரியை நறுக்கி, உப்புத் தூவி, டப்பாவில் வைத்து அனுப்புவார். நான் நான்கு துண்டுகளில் உப்புத் தூவிக் கால் மணி நேரம் வைத்துப் பார்த்தேன். தட்டில் நீர் தேங்கியது, துண்டுகள் துவண்டுவிட்டன. வகுப்பில் படித்த சவ்வூடு பரவலேதான்! விசாரித்தால், டப்பாவில் தேங்கிய நீரை அப்பா தினமும் கொட்டிவிட்டுத் தின்றிருக்கிறார். இப்போது முழுக் காயும், காகிதத்தில் மடித்த உப்பும், ஒரு சிறு கத்தியும் தனித்தனியே போகின்றன.

காம்புப் பக்கம் கசந்தால் நறுக்கி எறிந்துவிட வேண்டும். காய் முழுவதும் கசந்தால் தின்னவே கூடாது. குகுர்பிட்டாசின் என்ற பொருள் மிகுந்தால் வயிற்றைக் கெடுக்கும். நுனியை வெட்டித் தேய்த்து நுரை எடுப்பதில் பாட்டிக்கு நம்பிக்கை அதிகம். எனக்கென்னவோ, தேய்த்ததால் அல்ல, நுனியை வெட்டியதால்தான் கசப்புப் போகிறது என்று படுகிறது.

200 கிராம் காய் ஒன்று ஏறத்தாழ ஒரு டம்ளர் தண்ணீருக்குச் சமம். அவ்வளவே. உலையருகில் நிற்பவருக்கு அது போதாது. அப்பா தண்ணீரும் குடிக்கிறார். தோழியரே, காலையில் கொண்டுவந்த தண்ணீர்ப் பாட்டிலை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுபோகும் நமக்கும் அது போதாது.