பழைய காரும் புதுத் தவணையும்

ஒரு பொருளுக்கு விலை என்பது ஒன்று. செலவு என்பது மற்றொன்று. விலை, வாங்கும் நாளில் ஒரு முறை சொல்லப்படுகிறது. செலவோ, அப்பொருள் நம்மிடம் இருக்கும் நாள்வரை நம்மைத் தொடர்ந்து வருகிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைப் பாடநூலிற் படிப்பதைவிட, வீட்டு வாசலில் நிற்கும் காரைக் கொண்டு அறிந்துகொள்வது எளிது. கடன் தீர்ந்த பழைய கார் ஒன்று வீட்டில் இருக்கிறது. தவணையில் கிடைக்கும் புதிய கார் ஒன்று கடையில் இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது நலம்? மாணவ நண்பர்களே, இந்தக் கேள்வியையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். முதற் சம்பளம் கைக்கு வந்த சில நாள்களிலேயே உங்களுட் பலர் இதற்கு விடை சொல்ல வேண்டியிருக்கும்.

தவணை முறையின் வரலாற்றை முதலில் சிறிது பார்ப்போம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் கார்களை வாங்குவோருக்குக் கடன் கொடுப்பதற்கென்றே 1919-இல் தனி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியது. காரைக் கடனில் வாங்கும் பழக்கம் அந்நாட்டில் வேகமாகப் பரவியது அதன் பின்னரே. நம் மாநிலத்திலோ இந்த முறை வேறு வழியில் வளர்ந்தது. 1954-இல் சென்னையில் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டபோது, லாரியும் பஸ்ஸும் வாங்குவோருக்குப் பணம் கொடுப்பதே அதன் முதற் பணியாக இருந்தது. இதில் ஒரு நுட்பம் உண்டு. ராஜபாளையத்து மில்லிலிருந்து நூற்பொதி ஏற்றிச் செல்லும் லாரி, ஓடும் ஒவ்வொரு நாளும் வாடகை ஈட்டுகிறது. அந்த வாடகையிலிருந்தே அதன் தவணை கட்டப்படுகிறது. அதாவது, வண்டி தன் கடனைத் தானே தீர்க்கிறது. வீட்டுக் காருக்கு அந்தத் திறமை கிடையாது. அது எதையும் ஈட்டுவதில்லை. அதன் தவணையை நம் சம்பளந்தான் கட்ட வேண்டும். லாரிக்கும் வீட்டுக் காருக்கும் கடன் பத்திரம் ஒன்றுபோலத் தோன்றினாலும், பொருளாதாரம் ஒன்றன்று.

இனி ஓர் உண்மைக் கணக்கைப் பார்ப்போம். என்னுடன் பணியாற்றும் இளம் ஆசிரியர் ஒருவரின் வீடு ராஜபாளையத்தில் உள்ளது, கல்லூரி ஸ்ரீவில்லிபுத்தூரில். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 11 கிலோமீட்டர். அவருடைய தந்தையார் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தந்தையார் 2010-இல் வாங்கிய கார்தான் வீட்டில் இருக்கிறது. அதன் கடன் தீர்ந்து பல்லாண்டுகள் ஆகின்றன. ஆசிரியரின் சம்பளம் மாதம் 40,000 ரூபாய். தங்கை பொறியியல் படிக்கிறார். அவருடைய கல்விக் கட்டணமும் இந்தச் சம்பளத்திலிருந்தே போக வேண்டும். கார் 15 ஆண்டுகளை நிறைவு செய்தபோது அவர் என்னிடம் வந்து, “சார், பழைய வண்டியைச் சரிசெய்யப் பட்டறையில் 48,000 ரூபாய் கேட்கிறார்கள். அந்தப் பணத்தைப் புது வண்டிக்குக் கட்டிவிட்டால் என்ன?” என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அவர் விரும்பிய காரின் விலை 8 லட்சம் ரூபாய். கையில் இருந்த சேமிப்பு 2 லட்சம். எஞ்சிய 6 லட்சத்துக்கு, ஆண்டுக்கு 9 சதவீத வட்டியில், 5 ஆண்டுக் கடன் என்று கொள்வோம். மாதத் தவணை 12,455 ரூபாய் ஆகிறது. இது அவர் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 60 தவணைகளையும் கூட்டினால் 7,47,300 ரூபாய். வட்டி மட்டும் 1,47,300 ரூபாய். பட்டறைக்காரர் கேட்ட 48,000 ரூபாய் பெருந்தொகையாகத் தோன்றியது. ஆனால் அது நான்கு தவணைகளுக்கும் குறைவானது. பழுதுச் செலவு ஒரே நாளில் மொத்தமாக வந்து நம்மை அச்சுறுத்துகிறது. தவணையோ மாதந்தோறும் ஓசையின்றி வங்கிக் கணக்கிலிருந்து கழிகிறது. மனம் ஓசையைக் கண்டு அஞ்சுகிறது. கணக்கு அவ்வாறு அஞ்சலாகாது.

தவணையைத் தவிர மற்றொரு செலவும் உண்டு. அதற்குத் தேய்மானம் என்று பெயர். காப்பீட்டு நிறுவனங்கள் காருக்கு மதிப்பிடும்போது பின்பற்றும் அட்டவணைப்படி, நான்கு ஆண்டுகளைக் கடந்து ஐந்தாம் ஆண்டில் இருக்கும் காரின் மதிப்பிற் பாதி கழிக்கப்படுகிறது. எனவே 8 லட்சத்துக்கு வாங்கிய கார், கடன் தீரும் காலத்தில் 4 லட்சம் பெறும் என்று கொள்ளலாம். முதலில் கட்டிய 2 லட்சத்தையும் 60 தவணைகளையும் கூட்டினால் 9,47,300 ரூபாய். அதிலிருந்து 4 லட்சத்தைக் கழித்தால் 5,47,300 ரூபாய். மாதத்துக்கு 9,100 ரூபாய்க்கு மேல் ஆகிறது. இது காரை வைத்திருப்பதற்கான செலவு மட்டுமே. பெட்ரோல் இதிற் சேரவில்லை.

பழைய காரின் கணக்கையும் நேர்மையாகப் போட வேண்டும். அது லிட்டருக்கு 14 கிலோமீட்டரும், புதியது 20 கிலோமீட்டரும் ஓடும் என்று கொள்வோம். பெட்ரோல் விலை, கணக்கு எளிதாக இருக்கும்பொருட்டு, 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்கு 22 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 550 கிலோமீட்டர். பழைய கார் கூடுதலாகக் குடிக்கும் பெட்ரோல் ஏறத்தாழ 12 லிட்டர்; அதாவது 1,200 ரூபாய். இவ்வாண்டு கேட்ட 48,000 ரூபாயையே ஒவ்வோர் ஆண்டும் பட்டறைக்குக் கொடுப்பதாகக் கொண்டாலும் மாதத்துக்கு 4,000 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 5,200 ரூபாய். பழைய காரின் விலை 1,50,000 ரூபாய் என்றும், ஐந்தாண்டில் அது முற்றிலும் மறைந்துவிடும் என்றும் கொண்டு, மேலும் 2,500 ரூபாய் சேர்த்தாலும் 7,700 ரூபாய்க்கு மேற் போகவில்லை. பழைய காருக்குப் பாதகமாகவே எல்லாவற்றையும் எண்ணிய பின்னரும் அதுவே வெல்கிறது.

ஆயினும் இதிலிருந்து, பழைய கார் எப்போதும் மலிவானது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. இதே ஆசிரியர் நாள்தோறும் ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குச் சென்று திரும்புகிறார் என்று கற்பனை செய்யுங்கள். ஒரு வழிக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர்; மாதத்துக்கு 4,250 கிலோமீட்டர். இப்போது பழைய கார் கூடுதலாகக் குடிக்கும் பெட்ரோல் 91 லிட்டர்; அதன் விலை 9,100 ரூபாய். பழுதுச் செலவையும் சேர்த்தால் 13,100 ரூபாய்; புதுக் காரின் தவணையையே அது மிஞ்சிவிடுகிறது. கார்கள் இரண்டும் அவையே, வட்டியும் அதுவே, ஊர் மாறியதும் விடை மாறிவிட்டது. ஆகவே, நாம் முதலிற் கேட்க வேண்டியது ‘எந்தக் கார்?’ என்பதன்று, ‘மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?’ என்பதே. அந்தத் தொலைவுக்கு ரயிலும் பஸ்ஸும் உள்ளனவா என்பது அதனை அடுத்த கேள்வி.

கணக்கில் அடங்காத பொருள் ஒன்று உண்டு, அது உயிர். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலை முதலும் நம் நாட்டிற் புதிய கார்களுக்குக் கட்டாயமாயின. முன்னிருக்கையில் இருவருக்கும் காற்றுப்பை வேண்டும் என்னும் விதி 2022 தொடக்கத்திலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் பொருந்துகிறது. நண்பரின் 2010-ஆம் ஆண்டுக் காரில் இவற்றில் ஒன்றும் இல்லை. பட்டறையில் பிரேக்கைச் சீர்செய்யலாம், டயரை மாற்றலாம், இருக்கை வாரைப் புதுப்பிக்கலாம். காற்றுப்பையைப் பின்னர்ப் பொருத்துவது நடைமுறைக்கு ஒவ்வாதது. லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில் இரவில் குடும்பத்தோடு செல்பவருக்கு இது சிறு குறையன்று. புதிய காரின் பக்கம் சொல்லத்தக்க வலிமையான வாதம் இதுவே என்பது என் கருத்து. பளபளக்கும் வண்ணமும் அண்டை வீட்டாரின் பார்வையும் இதற்கு முன் நிற்கமாட்டா.

பழையதைப் பேணுவது எப்படி என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒரு சான்று உண்டு. ஆடிப்பூரத்தன்று ஓடும் ஆண்டாள் கோயில் தேர், தமிழகத்தின் பெரிய தேர்களுள் ஒன்று. மரச் சக்கரங்களோடு ஓடிய காலத்தில் அது நிலைக்கு வந்து சேரப் பல நாள்கள் ஆகும். பின்னர் இரும்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்டன. இப்போது சில மணி நேரத்தில் வந்து சேர்கிறது. சிற்பங்கள் நிறைந்த மேற்பகுதி உறுதியாக இருந்தது, தேய்ந்தது சக்கரம், சக்கரம் மாற்றப்பட்டது. காருக்கும் இதே ஆராய்ச்சி வேண்டும். கிளட்ச், பிரேக், டயர், பாட்டரி ஆகியன தேர்ச் சக்கரம் போன்றவை. மாற்றினால் வண்டி மீண்டும் ஓடும். அடித்தளம் துருப்பிடித்திருந்தாலோ, உதிரிப்பாகம் கிடைக்காமற் போனாலோ, மாதம் இரு முறை வழியில் நின்றாலோ, அப்போது செலவழிக்கும் பணம் வீணாகும்.

அரசாங்க விதிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர்த் தகுதிச் சோதனையில் தேறினால், ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆயிற்று. 20 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025-இல் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கடனில் வாங்கிய காரின் பதிவுச் சான்றிதழில் கடன் கொடுத்தவரின் பெயரும் குறிக்கப்பட்டிருக்கும். கடைசித் தவணை கட்டியவுடன் காரியம் முடிந்துவிடுவதில்லை. தடையின்மைச் சான்றும் 35-ஆம் எண் படிவமும் பெற்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அந்தக் குறிப்பை நீக்கிக்கொள்ள வேண்டும்.

கடன் பத்திரத்திற் கையெழுத்திடுமுன் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்ளுங்கள். முதலாவது, வட்டி கணக்கிடும் முறை. மீதமுள்ள அசலுக்கு மட்டும் 9 சதவீதம் என்பது ஒன்று. தொடக்க அசல் முழுவதற்கும் கடைசிவரை 9 சதவீதம் என்பது மற்றொன்று. இரண்டாம் முறையில் 6 லட்சத்துக்கு 5 ஆண்டு வட்டி 2,70,000 ரூபாய். தவணை 14,500 ரூபாய். முதல் முறையில் எண்ணினால் இது 16 சதவீதத்தை நெருங்குகிறது. சொல்லப்படும் எண் ஒன்றே. கொடுக்கும் பணம் வேறு. இரண்டாவது, தவணைக் காலம். அதே 6 லட்சத்தை 7 ஆண்டுக்கு நீட்டினால் தவணை ஏறத்தாழ 9,650 ரூபாயாகக் குறைகிறது. வட்டியோ 2 லட்சத்து 10 ஆயிரத்துக்கு மேல் ஏறுகிறது. ‘குறைந்த தவணை’ என்ற சொல்லைக் கேட்டவுடன், ‘எத்தனை மாதம்?’ என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள்.

நண்பரின் வீட்டில் எடுத்த முடிவு இரண்டு பக்கத்து நியாயங்களையும் தழுவியதாக இருந்தது. 48,000 ரூபாய் செலவில் பிரேக்கும் டயரும் முதலாகப் பழைய காரைச் செப்பனிட்டார்கள். மூன்று ஆண்டுகள் அதனைப் பகலில், இந்தக் குறுகிய தூரத்துக்கு மட்டும் ஓட்டுவது. இரவுப் பயணத்துக்கும் நெடும் பயணத்துக்கும் ரயிலையோ பஸ்ஸையோ நாடுவது என்று தீர்மானித்தார்கள். கட்டாத தவணையிலிருந்து மாதம் 7,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வருகிறார் நண்பர். 36 மாதங்களில் அது 2,52,000 ரூபாய் ஆகும். முன்பிருந்த 2 லட்சத்தோடு சேர்த்தால், அதே விலைக் காருக்கு 3,48,000 ரூபாய் கடன் போதும். அதனை மூன்றே ஆண்டில் அடைத்தால் வட்டி ஏறத்தாழ 50,000 ரூபாய்தான். காரின் விலை இடையில் ஏறக்கூடும். சேமிப்புக்குக் கிடைக்கும் வட்டியும், பழைய காரை விற்று வரும் பணமும் அதற்கு ஓரளவு ஈடாகும். தங்கையின் கல்விக் கட்டணத்துக்கும் இடையூறு நேரவில்லை.

1936-இல் நிறுவப்பட்ட ராஜபாளையம் மில்ஸ் போன்ற ஆலைகளின் கணக்கேட்டைப் பார்த்தால், ஆண்டுதோறும் தேய்மானம் என்ற தலைப்பில் ஒரு தொகை கழிக்கப்பட்டிருக்கும். ஓடுகின்ற இயந்திரம் ஒருநாள் ஓயும் என்பதை ஆலை முன்கூட்டியே எழுதி வைக்கிறது. வீட்டுக் கணக்கில் அந்தத் தலைப்பு இருப்பதில்லை. அதனாற்றான், கார் ஓய்ந்த மறுநாள் நாம் கடன் கொடுப்பவரைத் தேடி ஓடுகிறோம். உங்கள் வீட்டில் ஒரு காரின் கடன் தீர்ந்திருந்தால், மறுமாதமே அந்தத் தவணையில் ஒரு பகுதியையாவது உங்கள் பெயரிலேயே கட்டத் தொடங்குங்கள். கட்டிப் பழகிய கைக்கு அது கடினமாகத் தோன்றாது. இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், காரோ ஸ்கூட்டரோ, மாதத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, பட்டறைக்கு எவ்வளவு போகிறது என்று பெற்றோரிடம் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பன்னிரண்டு மாதம் எழுதிவந்தால், புது வண்டி வேண்டுமா வேண்டாவா என்பதற்கு அந்த நோட்டிலேயே விடை கிடைக்கும்.