பயணியின் படமும் நீருள் மறைந்த ஊரும்

பிற நாடு சென்று மீள்வோர் தம்முடன் கொண்டுவரும் பொருள்களுள் நிழற்படமே இன்று முதலிடம் பெறுகிறது. முற்காலத்தில் யாத்திரை சென்று வந்தவன் தான் கண்டதை வாயாற் சொன்னான். ஊரார் அதனைச் செவியாற் கேட்டு மனத்தில் உருவம் வரைந்துகொண்டனர். 1839ஆம் ஆண்டில் தாகேர் என்பவரின் படக்கலை பிரான்சு நாட்டில் அறிவிக்கப்பட்ட பின்னர் அந்நிலை மாறத் தொடங்கியது. 1850இல் மக்சீம் து கான் என்னும் பிரெஞ்சுப் பயணி நைல் நதி வழியே சென்று, அபு சிம்பெல் முதலிய எகிப்தியக் கோயில்களைப் படம்பிடித்தார். 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் கொடாக் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்ததும், கலைஞரின் கைக்கு மட்டுமே உரியதாயிருந்த தொழில் சாதாரணப் பயணியின் பொழுதுபோக்காயிற்று.

இலங்கையில் இக்கலை வளர்ந்த இடங்களுள் கண்டியும் ஒன்று. 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி வந்தது. அக்காலத்தையொட்டி ஜோசப் லோட்டன், சார்ள்ஸ் ஸ்கோவன் முதலிய ஆங்கிலேயர் இந்நகரிற் படப்பிடிப்பு நிலையங்கள் நடத்தினர். தலதா மாளிகை, அதன் முன்னுள்ள ஏரி, பேராதனைப் பூங்காவின் மரங்கள், மகாவலி கங்கைக்குக் குறுக்கே முதிரை மரத்தால் ஒரே வளைவாக அமைக்கப்பட்டிருந்த பேராதனைப் பாலம் ஆகியவை அக்காலப் படங்களில் மீண்டும் மீண்டும் தோன்றும் காட்சிகள். அம்மரப்பாலம் 1905இல் அகற்றப்பட்டு, வேறு பாலம் எழுந்தது. எனினும் பழைய பாலத்தின் தோற்றத்தை இன்றும் எவரும் காணலாம். படம் எடுத்தவர்கள் அதன் அழகையே கருதினர். பிற்காலத்தவர்க்கோ அது சான்றாயிற்று.

அப்பாலத்தின் கீழ் ஓடிய மகாவலி, கண்டி நகரை வளைந்து சென்று, கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. அப்பள்ளத்தாக்கில், கண்டியிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது பழைய தெல்தெனிய. கடைவீதியும் பாடசாலையும் வழிபாட்டிடங்களும் கொண்ட சிறுநகரம் அது. மகியங்கனைக்குச் செல்லும் வழியில் அமைந்திருந்ததால் பயணிகள் அதனைக் கடந்தே சென்றனர். ஆனால் அவர்கள் மனத்தில் இருந்தவை நக்கிள்ஸ் மலைச் சிகரங்களும், அப்பால் மலைச்சரிவில் இறங்கும் பதினெட்டு வளைவுப் பாதையுமே. வெற்றிலைக் கடையும் தையற்காரரின் திண்ணையும் எந்த ஊரிலும் உள்ளவை என்ற எண்ணத்தால், வழிநடுவிலுள்ள சிற்றூர்களைப் பயணியின் கண் பொதுவாகத் தவிர்த்துவிடுகிறது.

மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் கீழ், ஆங்கிலேய நாட்டின் உதவியுடன் விக்டோரியா அணை கட்டப்பட்டது. 122 மீற்றர் உயரமுள்ள அவ்வளைவணை 1985 ஏப்பிரலில் திறந்துவைக்கப்பட்டது. இலங்கையின் அணைகளுள் மிக உயரமானது இதுவே. 210 மெகாவாற்று மின்னாற்றல் தரும் நிலையமும், கீழ்நாட்டு வயல்களுக்குப் பாயும் நீரும் இதனால் கிடைத்த நன்மைகள். அதற்கு ஈடாக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தம் நிலத்தையும் வீட்டையும் விட்டு எழுந்தன. சிலர் அயலிலேயே மேட்டு நிலங்களிற் குடியேறினர். பலர் மகாவலியின் கீழ்ப்புறக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். தெல்தெனிய என்னும் பெயர் மேட்டில் எழுந்த புதுநகரத்துக்குச் சென்றது. பழைய கடைவீதி நீருள் அமிழ்ந்தது.

அணை வேலை நடந்துகொண்டிருந்த 1983ஆம் ஆண்டிலே, அமெரிக்கப் படப்பிடிப்புக் குழுவொன்று கண்டிப் பகுதிக்கு வந்தது. அணைக்கு அருகிலுள்ள ஆழ்ந்த பள்ளத்தில் அவர்கள் தொங்குபாலம் ஒன்றை அமைத்து, தம் கதைக்காக அதனை அறுத்து வீழ்த்தினர். மறு ஆண்டு வெளிவந்த அந்த ‘இந்தியானா ஜோன்ஸ்’ திரைப்படத்தில் அப்பள்ளம் இந்தியாவிலுள்ள ஓர் இடமாகக் காட்டப்பட்டது. உலகெங்குமுள்ள மக்கள் அம்மலைச்சரிவைக் கண்டனர்; ஆயினும் அதன் பெயரை அறிந்திலர். படம் பரவுவதாலேயே ஓர் ஊர் அறியப்பட்டதாகாது என்பதற்கு இது தக்க உதாரணம்.

நைல் நதியிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. அஸ்வான் உயரணை கட்டப்பட்டபோது, அபு சிம்பெல் கோயில்களைக் காக்கும்படி 1960இல் யுனெஸ்கோ உலக நாடுகளை வேண்டியது. 1964 முதல் 1968 வரை அக்கோயில்கள் துண்டு துண்டாக அறுக்கப்பட்டு, மேட்டில் மீண்டும் பொருத்தப்பட்டன. அவற்றின் முகத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் படங்களிற் கண்டு பழகியிருந்த உலகம் பொருளுதவி செய்தது. ஆனால் அதே கரையிலிருந்த நூபிய மக்களின் கிராமங்கள் நீருள் மூழ்கின. அவர்கள் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டனர். கோயிலை எடுத்து வைக்க வழி இருந்தது. தெருவை எடுத்து வைக்க வழியில்லை. அத்தகைய தெருவுக்குப் படமே இறுதிப் புகலிடம்.

இன்று விக்டோரியா நீர்த்தேக்கத்தைக் காண வரும் பயணி, மலைகளின் நடுவே விரிந்த நீலப்பரப்பைப் படம்பிடித்து மகிழ்கிறான். கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய ஊரின் கட்டடச் சிதைவுகள் சேற்றிலிருந்து தலைகாட்டுகின்றன. அப்பொழுது முதியோர், “இங்கேதான் எங்கள் கடை இருந்தது” என்று பிள்ளைகளுக்குக் காட்டக்கூடும். அவர்கள் சுட்டும் இடத்தில் இருப்பது வெறுங்கல். அக்கல்லுக்குப் பொருள் தரக்கூடியது, யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் பழைய திருமணப் படமாக இருக்கலாம். மணமக்களின் பின்னே தற்செயலாக விழுந்த கடையின் பெயர்ப்பலகை, இன்று அத்தெருவுக்குரிய அரிய சான்று.

ஆகவே படப்பெட்டியோடு புறப்படுவோர் மனங்கொள்ளத்தக்க முறைகள் சில உள. ஏரியையும் கோபுரத்தையும் படம்பிடித்த பின்னர், சந்தையின் பக்கமும் ஒருமுறை திரும்ப வேண்டும். மனிதரைப் படம்பிடிக்குமுன் அவர் இசைவைக் கேட்பதோடு, அவர் தம் ஊரைச் சொல்லும் பெயரையும் கேட்டறிய வேண்டும். இன்றைய கைப்பேசி நாளையும் நேரத்தையும் தானே குறித்துக்கொள்ளும். அந்தத் தெருவின் பெயரையும், அங்கு நின்ற மரத்தின் கதையையும் அது குறியாது. அவற்றை எழுதிவைப்பது மனிதன் கடமை. வீட்டிலுள்ள பழைய படங்களின் பின்புறத்திலும், விவரம் அறிந்த முதியோர் உயிருடன் இருக்கும்போதே, ஆளையும் இடத்தையும் ஆண்டையும் எழுதிவைத்தல் நன்று.

ஓர் ஊர் எத்தனை காலம் நிலைக்கும் என்பதை வழிப்போக்கன் அறியான். தெல்தெனியவின் பழைய கடைவீதியில் வெற்றிலை வாங்கி நின்றவர்களும் அறிந்திலர்.