வீட்டுக் கொதிகலனுக்கான கம்பிவழிக் கட்டுப்படுத்தி: மாற்றுக் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கம்பிவழி வெப்பக் கட்டுப்படுத்தி என்பது வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் எப்போது இயங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை மின்கம்பி வழியாக அதற்குத் தெரிவிக்கும் கருவியாகும். ஐக்கிய இராச்சியத்தின் பெரும்பாலான வீடுகளில் எரிவாயுக் கொதிகலன் நீரைச் சூடாக்குகிறது. அந்நீர் குழாய்கள் வழியே அறைகளிலுள்ள ரேடியேட்டர்களுக்குச் சென்று திரும்புகிறது. கட்டுப்படுத்தி பழுதானால், நல்ல நிலையிலுள்ள கொதிகலனும் இயங்காமல் போகும். சில வேளைகளில் நிற்காமல் எரிந்துகொண்டே இருக்கும். குளிர்காலத்தில் வீட்டினுள் குறைந்தது 18 பாகை செல்சியசு வெப்பநிலை இருக்க வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2018 இல் பரிந்துரைத்தது. எனவே முதியோரும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இப்பழுதை நீண்ட நாள் விட்டுவைக்க இயலாது.

மாற்றுக் கருவி வாங்குவோர் பலரும் அதன் விலை, தோற்றம், திரையின் அளவு ஆகியவற்றையே முதலில் பார்க்கின்றனர். ஆனால் முதலில் பொருந்த வேண்டியது கொதிகலன் எதிர்பார்க்கும் மின்சைகையின் வகையாகும். அது பொருந்தாவிடில் கொதிகலனின் மின்னணுச் சுற்றுப்பலகை எரிந்துபோகக்கூடும். அப்பலகையை மாற்ற ஆகும் செலவு, கட்டுப்படுத்தியின் விலையைவிட மிகுதியாக இருக்கலாம்.

கருவிகளின் வகைகள்

சுவரில் உள்ள பழைய கருவி பின்வரும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

- அறைத் தெர்மோஸ்டாட்: அறையின் வெப்பநிலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்போது கொதிகலனை இயக்கும். நேரத்தை அறியாது.
- புரோகிராமர்: குறித்த நேரங்களில் இயக்கி நிறுத்தும். வெப்பநிலையை அறியாது.
- நேரம் அமைக்கத்தக்க தெர்மோஸ்டாட்: இவ்விரு பணிகளையும் ஒரே கருவி செய்யும்.

புரோகிராமரும் அறைத் தெர்மோஸ்டாட்டும் தனித்தனியே உள்ள வீட்டில், ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும். தெர்மோஸ்டாட்டின் இடத்தில் மூன்றாம் வகைக் கருவியைப் பொருத்தினால், பழைய புரோகிராமரில் அறைச்சூடாக்கலை எப்போதும் இயங்கும் நிலையில் வைத்துவிட வேண்டும். இல்லாவிடில் இரு கடிகாரங்களும் ஒன்றையொன்று மறிக்கும். கொதிகலனுக்குள்ளேயே கடிகாரம் இருந்தால் அதற்கும் இது பொருந்தும்.

மின்சைகையின் வகைகள்

முதல் வகை 230 வோல்ட் சைகையாகும். கட்டுப்படுத்திக்கு வரும் பேஸ் மின்சாரமே, அதன் தொடுமுனைகள் மூடும்போது, சைகைக் கம்பி வழியே கொதிகலனுக்கோ வால்வுக்கோ செல்கிறது.

இரண்டாம் வகையில் கட்டுப்படுத்தி தன் மின்சாரம் எதையும் அனுப்புவதில்லை. கொதிகலனிலிருந்து வரும் இரு கம்பிகளை இணைக்கவும் பிரிக்கவும் மட்டுமே செய்கிறது. இது மின்னழுத்தமற்ற தொடுமுனை எனப்படும். கொதிகலனின் அவ்விரு முனையங்களிலும் பெரும்பாலும் குறைந்த மின்னழுத்தமே இருக்கும்.

மூன்றாம் வகை எண்முறைத் தொடர்பாகும். ஓப்பன்தெர்ம் என்னும் பொது நெறிமுறை இரு கம்பிகளில் இயங்குகிறது. அவற்றை எந்தப் பக்கம் மாற்றி இணைத்தாலும் வேலை செய்யும். வைலண்ட் நிறுவனத்தின் இபஸ், பாஷ் நிறுவனத்தின் இ.எம்.எஸ். போன்றவை அந்தந்த நிறுவனங்களுக்கு உரியவை. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று மாற்றாக அமையா. எண்முறைத் தொடர்புக்கான முனையங்களில் 230 வோல்ட்டை எக்காரணத்தாலும் இணைக்கக் கூடாது.

முதலிரண்டு வகைகளுக்கும் ஒரே கருவியைப் பயன்படுத்த இயலும் என்பதே குழப்பத்திற்குக் காரணமாகிறது. மின்னழுத்தமற்ற தொடுமுனை கொண்ட கட்டுப்படுத்தியில், பேஸ் முனையத்திற்கும் பொது முனையத்திற்கும் இடையே சிறு இணைப்புக் கம்பி ஒன்றைப் போட்டால் அது 230 வோல்ட் சைகை தரும் கருவியாகிவிடும். அக்கம்பி 230 வோல்ட் சைகை கேட்கும் கொதிகலனுக்குத் தேவை. மின்னழுத்தமற்ற தொடுமுனை கேட்கும் கொதிகலனில் அக்கம்பி இருந்தால், 230 வோல்ட் நேராகச் சுற்றுப்பலகைக்குள் பாய்ந்துவிடும். எனவே வாங்குமுன் கொதிகலனின் பொருத்துதல் கையேட்டில் அறைத் தெர்மோஸ்டாட் இணைப்பு குறித்த பக்கத்தைப் பார்ப்பது இன்றியமையாதது. உற்பத்தியாளர்கள் பலர் பழைய கையேடுகளையும் தங்கள் தளங்களில் வைத்துள்ளனர்.

குழாய் அமைப்பும் தடங்களும்

கட்டுப்படுத்தி எத்தனை தடங்கள் கொண்டதாக இருக்க வேண்டும் என்பதைக் குழாய் அமைப்பு முடிவு செய்கிறது. காம்பி கொதிகலன் குழாய் நீரைத் தேவைப்படும்போதே சூடாக்குவதால் வெந்நீர்த் தொட்டி இருப்பதில்லை. அறைச்சூடாக்கலுக்கான ஒரு தடம் மட்டும் உள்ள கருவி அதற்குப் போதும்.

வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டில் இரு தடங்கள் தேவைப்படும். அங்கு இரு அமைப்புகள் பரவலாகக் காணப்படுகின்றன. எஸ் திட்டத்தில் அறைகளுக்கு ஒன்றும் வெந்நீருக்கு ஒன்றுமாக இரு வால்வுகள் உள்ளன. ஒய் திட்டத்தில் மூவழி வால்வு ஒன்றே இரு பணிகளையும் பகிர்ந்து செய்கிறது. ஒய் திட்டத்தில் புரோகிராமருக்கு ஒரு கூடுதல் தேவை உண்டு. வெந்நீர் நிறுத்தப்பட்டிருக்கும்போது அதைத் தெரிவிக்கும் தனிச் சைகையை அது வால்வுக்கு அனுப்ப வேண்டும். அச்சைகை இல்லாவிடில், அறைகளை மட்டும் சூடாக்கும் நிலைக்கு வால்வு முழுமையாகத் திரும்பாது. ஆகவே இவ்வீடுகளுக்கு வெந்நீர் நிறுத்த முனையம் உள்ள புரோகிராமரையே வாங்க வேண்டும்.

பின்தட்டு

புரோகிராமர்கள் பெரும்பாலும் சுவரில் திருகப்பட்ட பின்தட்டின்மீது பொருத்தப்படுகின்றன. கம்பிகள் அப்பின்தட்டிலேயே முடிகின்றன. ஐக்கிய இராச்சியத்தில் பல உற்பத்தியாளர்கள் ஒரே அமைப்பிலான பின்தட்டைப் பயன்படுத்துகின்றனர். அதில் நியூட்ரல், பேஸ் முனையங்களை அடுத்து 1 முதல் 4 வரை எண்கள் இருக்கும். 1 வெந்நீர் நிறுத்தம், 2 அறைச்சூடாக்கல் நிறுத்தம், 3 வெந்நீர் இயக்கம், 4 அறைச்சூடாக்கல் இயக்கம் என்பது அதன் வரிசையாகும். பழையதும் புதியதும் இவ்வமைப்பைச் சேர்ந்தவையாயின், கம்பிகளைத் தொடாமலேயே கருவியை மட்டும் மாற்றிவிடலாம். அப்போதும் பழைய பின்தட்டில் இணைப்புக் கம்பிகள் ஏதேனும் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

அறைத் தெர்மோஸ்டாட்டுகளுக்கு இத்தகைய பொது வரிசை இல்லை. ஒன்றில் 3 என்ற எண் குறிப்பது மற்றொன்றில் வேறாக இருக்கலாம். கம்பிகளை எண்ணைப் பார்த்து மாற்றாமல், ஒவ்வொன்றின் பணியை அறிந்து மாற்ற வேண்டும்.

பழைய கம்பிகளை அறிதல்

கம்பியின் நிறத்தை மட்டும் நம்புவது ஆபத்தானது. ஐக்கிய இராச்சியத்தில் 2004 இல் புதிய நிறமுறை வந்தது. அதற்கு முந்தைய வீடுகளில் பேஸ் கம்பி சிவப்பாகவும் நியூட்ரல் கறுப்பாகவும் இருக்கும். பிந்தையவற்றில் அவை முறையே பழுப்பும் நீலமும் ஆகும். மேலும், தெர்மோஸ்டாட்டுக்குச் செல்லும் இரு கம்பி வடத்தில் நீலக் கம்பி பெரும்பாலும் நியூட்ரலாக இருப்பதில்லை. அதுவே கொதிகலனுக்குத் திரும்பும் சைகைக் கம்பியாகும். அதன் முனையில் பழுப்பு உறை இட வேண்டும் என்றாலும் பல வீடுகளில் அது விடப்பட்டிருக்கும்.

பழைய இயந்திர வகைத் தெர்மோஸ்டாட்டுகள் பலவற்றில் உண்மையான நியூட்ரல் கம்பியும் உண்டு. உள்ளே இருக்கும் சிறு வெப்பத்தடை, தெர்மோஸ்டாட் விரைந்து செயல்பட உதவுகிறது. அதற்கே நியூட்ரல் தேவைப்பட்டது. மின்கலத்தால் இயங்கும் புதிய கருவிக்கு அது தேவையில்லை. அக்கம்பியைக் காப்பிட்ட இணைப்பானில் முடித்து ஒதுக்கிவைக்க வேண்டும். அதைப் புதிய கருவியின் தொடுமுனையில் இணைத்தால், கருவி இயங்கும்போது குறுக்குச்சுற்று ஏற்படும். மாறாக, 230 வோல்ட்டில் இயங்கும் புதிய கருவிக்கு நியூட்ரல் கட்டாயம் தேவை. சுவரில் இரு கம்பிகள் மட்டுமே இருந்தால் மின்கல வகையே பொருந்தும்.

எரிவாயுச் சிக்கனமும் விதிகளும்

இயக்கவும் நிறுத்தவும் மட்டும் தெரிந்த கட்டுப்படுத்தி, கொதிகலனின் சுடரைக் கூட்டிக் குறைக்கச் சொல்ல இயலாது. ஓப்பன்தெர்ம் போன்ற தொடர்பு, எவ்வளவு சூடான நீர் தேவை என்பதையே தெரிவிக்கிறது. திரும்பி வரும் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 55 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்கும்போதுதான் ஒடுக்கக் கொதிகலன், புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் மீட்கிறது. எனவே கொதிகலன் இத்தொடர்பை ஏற்குமாயின், அதற்கேற்ற கட்டுப்படுத்தி எரிவாயுவை மிச்சப்படுத்தும்.

இங்கிலாந்தில் 2018 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பாய்லர் பிளஸ் விதிகளின்படி, புதிதாகப் பொருத்தப்படும் காம்பி கொதிகலனுக்கு நேர, வெப்பநிலைக் கட்டுப்பாடுகளுடன் மற்றொரு சிக்கன ஏற்பாடும் இருக்க வேண்டும். பல வீடுகளில் அந்த ஏற்பாடு கட்டுப்படுத்தியிலேயே அடங்கியிருக்கும். அதை எடுத்துவிட்டுச் சாதாரணக் கருவியை வைத்தால் அப்பயன் இழக்கப்படும்.

பாதுகாப்பு

வேலையைத் தொடங்குமுன் சூடாக்கல் அமைப்பு முழுவதற்கும் மின்சாரம் தரும் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இது வழக்கமாக 3 ஆம்பியர் உருகி கொண்ட தனிச் சுவிட்சாக இருக்கும். துண்டித்த பின் ஒவ்வொரு கம்பியிலும் மின்சாரம் இல்லை என்பதைச் சோதனைக் கருவியால் உறுதி செய்து, இணைப்புகளைப் படம் எடுத்து, கம்பிகளுக்குச் சீட்டு ஒட்டிய பின்னரே அவற்றைக் கழற்ற வேண்டும். கொதிகலனின் மூடியைத் திறக்க வேண்டியிருந்தால் கேஸ் சேஃப் பதிவு பெற்ற பணியாளரை அழைப்பதே முறையாகும். கம்பிகளின் பணி உறுதியாகத் தெரியாதபோது மின்பணியாளரை அமர்த்த வேண்டும்.

பொருத்திய பின், வெப்பநிலையை உயர்த்தும்போது கொதிகலன் பற்றுகிறதா என்பதோடு, தாழ்த்தும்போது அணைகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தொட்டி உள்ள வீட்டில் அறைச்சூடாக்கல், வெந்நீர், இரண்டும் சேர்ந்து என மூன்று நிலைகளையும் தனித்தனியே இயக்கிப் பார்த்த பிறகே பணி முடிந்ததாகும்.