சாமிக்குக் கீழே கடைப் பெயர்

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடையானாலும் இராஜபாளையம் பஞ்சு வியாபாரியானாலும், புது வருஷம் பிறந்தால் வாடிக்கையாளருக்குக் காலண்டர் கொடுத்தாக வேண்டும். மேலே முருகனோ மகாலட்சுமியோ; அடியில் கடைப் பெயர்; அதற்கும் கீழே கிழிக்கும் தேதிக்கட்டு. விளம்பரத்தை வாங்கிப் போகிறோம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. காலண்டரை அச்சிடும் பக்கத்து ஊரான சிவகாசியின் சாமர்த்தியம் அது.

சிவகாசிக்கு அச்சைக் கூட்டி வந்தது தீப்பெட்டி. 1923-இல் அந்தத் தொழில் தொடங்கியதும் லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக லித்தோ அச்சகங்கள் வந்தன. ஜெர்மனியில் செனஃபெல்டர் 1796 வாக்கில் கண்டுபிடித்த கல்லச்சு முறைதான் லித்தோ. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அவ்வளவுதான் சூட்சுமம். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, மருந்திட்டுப் பக்குவப்படுத்தி நனைப்பார்கள். வரைந்த இடம் நீரைத் தள்ளும். வெற்றிடம் நீரைப் பிடித்துக்கொள்ளும். அச்சுமை உருளையை ஓட்டினால் கோடுகளில் மட்டும் மை ஏறும். நிறத்துக்கு ஒரு கல். ஒரே தாள் எல்லாக் கல்லிலும் ஏறி இறங்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் அம்மனின் உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டிவிடும். ஈரம் குடித்த காகிதம் நீளும் என்பதால், மழை குறைந்த இந்தச் சீமை வண்ண அச்சுக்குத் தோதாக அமைந்தது. பின்னாளில் கல் போய் உலோகத் தகடு வந்தது, ஆஃப்செட் ஆனது, சூட்சுமம் மாறவில்லை.

பாரிஸில் ஓவியர்கள் ஜூல் ஷெரேயும், 1891-இல் மூலான் ரூஷ் நடன அரங்குக்கு வரைந்த துலூஸ்-லோத்ரெக்கும் இதே கல்லச்சில்தான் சுவரொட்டியைக் கலையாக்கினார்கள். அவர்களுடைய படங்கள் தெருச்சுவரில் நின்றன. இங்கே விளம்பரம் பூஜையறை வரை போயிற்று.

அதற்கு வழிவகுத்தவர்களில் முதன்மையானவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, நாடகக் கம்பெனிக்கு சீன் வரைந்து, 1940களில் கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர். மேடை அவரை விடவில்லை: அவர் படத்தில் சாமி நம்மை நேருக்கு நேர் பார்க்கும், பின்னால் மலையும் நீரும் திரைச்சீலையாய் விரியும். டி. எஸ். சுப்பையா போன்ற சீடர்களின் பெயரும் குருவின் பெயரும் சேர்ந்தே படத்தில் இருக்கும். 'காலண்டர் படம்' என்று இதை இளக்காரமாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. தேதி தீர்ந்த பிறகும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைக்கப்படும் விளம்பரம் வேறெங்கே உண்டு?

ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பம் சிவகாசியில் வெளிவரும். ஏஜென்ட்டுகள் அதைச் சுமந்து ஊர் ஊராகக் கடையேறுவார்கள். முதலாளி புரட்டிப் பார்த்துச் சாமியைத் தேர்ந்த பிறகே, வெறுமையாக விட்ட அடிப்பகுதியில் கடைப் பெயர் ஏறும்.