கடைக்கும் கிடங்குக்கும் கம்பியில்லா இணைப்பு: வெளி ஆன்டெனா வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

தராசும் கணக்குப் புத்தகமும் இருந்தால் மளிகைக் கடை நடத்தலாம் என்றிருந்த காலம் போய்விட்டது. 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு பத்து ரூபாய் கொத்தமல்லிக்கும் செல்போனில் பணம் வருகிறது. பில்லும் சரக்கு இருப்பும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. நம் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பகுதிகளில் கடை முன்தெருவிலும் கிடங்கு பின்சந்திலுமாக இருப்பது சகஜம். கடையில் உள்ள ஒரே இன்டர்நெட் இணைப்பைக் கிடங்குக்கும் கொண்டுபோக வணிக நண்பர்கள் பலர் விரும்புகிறார்கள். குறுக்கே கம்பி இழுக்க முடியாத இடத்தில் வெளி ஆன்டெனா கைகொடுக்கும். விவரம் அறியாமல் வாங்கினாலோ, போட்ட முதல் மொட்டைமாடியில் துருப்பிடிக்கும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். ஆன்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. டார்ச் லைட்டின் கண்ணாடிக் கிண்ணம் வெளிச்சத்தை ஒரே பக்கம் திருப்புவதுபோல, இருக்கிற சக்தியை ஒரு திசைக்குத் திருப்புகிறது; அவ்வளவே. வைஃபை பெட்டியோடு வரும் குச்சி ஆன்டெனா சுற்றிலும் வீசும்; கடைக்குள் அது போதும். கிடங்கு வரை போக, இரு முனையிலும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கும் பேனல் ஆன்டெனாக்கள் வேண்டும். ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைப் படுக்கவைத்தும் பொருத்தினால் அலை பெருமளவு வீணாகும்.

ஆன்டெனாவின் திறனை டி.பி.ஐ. என்ற கணக்கில் குறிப்பார்கள். 3 கூடினால் அந்தத் திசையில் வலு இரட்டிப்பாகும். 10 கூடினால் பத்து மடங்காகும். எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. இதற்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. 2005 ஜனவரி அறிவிக்கையின்படி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமமின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் கருவியின் சக்தி 1 வாட்டையும், ஆன்டெனாவோடு சேர்த்த கணக்கு 4 வாட்டையும் தாண்டக் கூடாது. 100 மில்லிவாட் பெட்டியோடு 24 டி.பி.ஐ. ஆன்டெனாவைச் சேர்த்தால் கணக்கு சுமார் 25 வாட் ஆகிவிடும். நூறு, இருநூறு மீட்டர் தூரத்துக்கு அது தேவையும் இல்லை. 2.4-ல் அக்கம்பக்கத்து நெரிசல் அதிகமென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் கருவி வாங்கலாம். அதன் பெரும்பகுதியை வெளியிடங்களிலும் உரிமமின்றிப் பயன்படுத்த 2018 அக்டோபரில் அனுமதி கிடைத்தது.

பணம் வீணாகும் முக்கிய இடம் கேபிள். பெட்டியைக் கல்லாவுக்கு அடியில் வைத்து, ஆன்டெனாவை மாடியில் நிறுத்தி, நடுவே மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிள் பத்து மீட்டர் இழுத்தால், போகிற சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மேலே சேரும். அதைவிட, மழை தாங்கும் வெளிப்புறப் பெட்டியையே ஆன்டெனாவின் அருகில் வைத்து, கீழிருந்து லேன் கம்பி கொண்டுபோவது நல்லது. லேன் கம்பி நூறு மீட்டர் வரை போகும், பி.ஓ.இ. வசதி இருந்தால் மின்சாரமும் அதிலேயே போகும். இரவில் இரும்பு ஷட்டரை இறக்கினாலும் இணைப்பு அறுந்துபோகாது. ஆன்டெனாவும் பெட்டியும் ஒன்றாகவே சேர்ந்த கருவிகளும் கிடைக்கின்றன. பழைய பெட்டியையே பயன்படுத்துவதானால், அதன் ஆன்டெனா கழற்றக்கூடியதா, மரை பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளவும்.

அடுத்தது உயரம். இரு ஆன்டெனாவுக்கும் இடையே கண்ணுக்கு மறைவு இருக்கக் கூடாது. தகரக் கூரையும் இரும்புக் கதவும் அலையைத் தடுக்கும். இருநூறு மீட்டர் தூரத்துக்கு, நேர்கோட்டின் நடுவில் சுற்றிலும் இரண்டரை மீட்டர் காலியிடம் இருப்பது நல்லது. கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் சுமார் 4 மீட்டர் உயரம் என்பதை நெடுஞ்சாலையைக் கடக்கும் நண்பர்கள் மறக்க வேண்டாம். டோல்கேட், காலடிப்பேட்டைப் பக்கம் உள்ளவர்கள் 2021-ல் திறந்த மெட்ரோ மேம்பாலம் குறுக்கிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய எதிரி உப்புக்காற்று. கிளாம்பும் திருகும் எவர்சில்வராக இருக்கட்டும். ஒவ்வொரு மூட்டையும் நீர் புகாத ரப்பர் டேப்பால் சுற்றவும். கம்பி உள்ளே நுழையுமுன் சற்றுத் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் எர்த், இடி தடுப்பு இரண்டையும் எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சரிபார்க்கவும்.

இது நம்மூரில் நடக்குமா என்ற ஐயம் வேண்டாம். 2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களையும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைஃபை ஆன்டெனாக்களால் இணைத்தார்கள். பல கிலோமீட்டர் தூரத்திலிருந்த நோயாளிகளை மருத்துவர்கள் திரையில் பார்த்துப் பேசினார்கள். அந்த ஆய்வாளர்கள் 2008-ல் எழுதிய அனுபவம் நமக்கும் பாடம்: கோளாறுகளில் பெரும்பாலானவை தரமற்ற மின்சாரத்தால் வந்தவை. ஆகவே ஆன்டெனாவில் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு நல்ல யு.பி.எஸ். வாங்குவது புத்திசாலித்தனம்.

ரிச்சி தெருவுக்குப் புறப்படுமுன் மாடியேறி, கிடங்கு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பொருத்திய அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதானால் பில் கம்ப்யூட்டர் இருக்கும் இணைப்பில் அவர்களைச் சேர்க்காமல் தனி இணைப்பாகக் கொடுங்கள். கல்லாப்பெட்டிச் சாவியை நாம் யாரிடமும் கொடுப்பதில்லை, இதுவும் கல்லாதான்.