கேட்கிறது, ஆனால் புரியவில்லை: செவிச் சோதனைகள் என்ன சொல்கின்றன?

“அப்பாவுக்குக் காது நல்லாத்தான் கேட்குது. நாம பேசினா மட்டும்தான் காதுல விழாது.” இப்படிக் குறைபட்டுக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய. கதவைத் தட்டினால் எழுந்து போகிறார். வாசலில் லாரி நின்றால் எட்டிப் பார்க்கிறார். ஆனால் மருமகள் “மாமா, பாக்கு வாங்கிட்டு வாங்க” என்றால், “என்ன பாட்டு?” என்கிறார். வீட்டிலுள்ளவர்களுக்கு அவர் வேண்டுமென்றே அப்படி நடந்துகொள்வதாகத் தோன்றுகிறது. இரண்டு முறை கேட்டபின் அவரும் பேச்சை நிறுத்திவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிடுகிறார்.

அவர் நடிக்கவில்லை என்பதை ஒரு தாள் காட்டிக் கொடுத்துவிடும். அந்தத் தாளுக்கு ஆடியோகிராம் என்று பெயர். காதைச் சோதிக்கும் முறைகள் பல இருந்தாலும், பெரியவர்களுக்கு முதலில் செய்யப்படுவது பெரும்பாலும் இந்தச் சோதனைதான். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஓசை புகாத சிறிய அறையில் உங்களை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். ‘பீப்’ என்று மெல்லிய ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நீங்கள் அழுத்தினால் ஒலியை 10 டெசிபல் குறைப்பார்கள். அழுத்தாவிட்டால் 5 டெசிபல் கூட்டுவார்கள். இப்படி இறங்கியும் ஏறியும், உங்கள் காதுக்கு எட்டும் மிக மெல்லிய அளவைக் கண்டுபிடிப்பார்கள். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை, தாழ்ந்த சுருதி தொடங்கி உயர்ந்த சுருதி வரை, ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக இது நடக்கும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. புள்ளிகளைக் கோடாக இணைத்தால் வரைபடம் தயார்.

கணிதப் பாடத்தில் வரைபடம் வரைந்து பழகியவர்களுக்கு இந்தத் தாள் முதலில் குழப்பமாக இருக்கும். இதில் கீழே போகப் போக எண் கூடுகிறது. கோடு மேலே இருந்தால் நல்ல காது, கீழே இறங்கினால் குறைபாடு. இன்னொரு விஷயம், 0 டெசிபல் என்றால் ஓசையே இல்லை என்று பொருளில்லை. நல்ல செவித்திறன் உள்ள இளையோரின் காதுக்குச் சராசரியாக எட்டும் மிக மெல்லிய ஒலியைத்தான் 0 என்று வைத்திருக்கிறார்கள். சிலருக்கு அதற்கும் கீழே, மைனஸ் 10-இல்கூடக் கேட்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய வகைப்பாட்டில் 20 டெசிபலுக்குள் கேட்டால் இயல்பு. 20 முதல் 35-க்குள் இலேசான குறைபாடு. 35 முதல் 50-க்குள் மிதமானது. அதற்கு மேல் படிப்படியாகக் கடுமையாகும்.

இப்போது அந்த அப்பாவின் தாளுக்கு வருவோம். தாழ்ந்த சுருதிகளில் அவருடைய கோடு மேலேயே இருக்கும். 1000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் பத்துமலைப் படிகளில் இறங்குவதுபோல் சரசரவென்று கீழே போகும். முதுமையில் வரும் செவித்திறன் இழப்பின் வழக்கமான வடிவம் இது. காரணம் உட்காதில் இருக்கிறது. நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியா என்ற உறுப்பில், ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றும் மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. நுழைவாயிலுக்கு அருகில் இருப்பவை உயர்ந்த சுருதிக்கு, சுருளின் உள்நுனியில் இருப்பவை தாழ்ந்த சுருதிக்கு. பெரும்பாலும் நுழைவாயில் பக்கம்தான் முதலில் தேய்கிறது. மனிதனுக்கு இந்த அணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை.

பேச்சு ஒலிகளும் இதே வரைபடத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்கின்றன. சாதாரணக் குரலில் பேசும்போது அவை ஏறக்குறைய 20 முதல் 50 டெசிபல் வரையிலான பகுதியில், வளைந்த வாழைப்பழத்தின் வடிவில் அமைகின்றன. நிபுணர்களும் அதைப் ‘பேச்சு வாழைப்பழம்’ என்றே அழைக்கிறார்கள். அ, ஆ, உ, ஓ போன்ற உயிர் ஒலிகளின் வலிமையில் பெரும்பகுதி தாழ்ந்த சுருதிகளில் இருக்கிறது. க், ட், த், ச் போன்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணிய வேறுபாடுகள் 2000 ஹெர்ட்ஸுக்கும் அதற்கு மேலும் இருக்கின்றன. ‘ஸ்’ இன்னும் உயரத்தில் இருக்கிறது. ஆகவே உயர்ந்த சுருதி போன காதுக்கு உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து நழுவும். நம் இலக்கணம் உயிர், மெய் என்று பிரித்ததை இந்த வரைபடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். ‘பாக்கு’, ‘பாட்டு’ இரண்டிலும் உயிரொலிகள் ஒன்றே. நடுவில் இருக்கும் மெய்தான் பொருளைப் பிரிக்கிறது. அப்பாவுக்கு அந்த நடுப்பகுதிதான் போய்விட்டது.

கத்திப் பேசினால் ஏன் பயனில்லை என்பதும் இதனால் விளங்கும். கத்தும்போது பெரும்பாலும் உயிரொலிதான் பெரிதாகிறது. ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தது இன்னும் பலமாகக் கேட்கிறது, “ஏன் கத்துற?” என்று அவருக்குக் கோபம் வருகிறது. எதிரே நின்று, முகம் தெரியும்படி, கொஞ்சம் நிதானமாகப் பேசுவது அதைவிட நல்லது. பேரப்பிள்ளைகளின் குரல் உயர்ந்த சுருதியில் இருப்பதால் அவர்களுடைய பேச்சுத்தான் தாத்தாவுக்கு முதலில் தொலைகிறது. இதைவிட வருத்தமான பக்கவிளைவு எனக்குத் தெரியவில்லை. முதுமை மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணிகளாக லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2020-இல் வரிசைப்படுத்திய 12-இல் கவனிக்கப்படாத செவித்திறன் இழப்பும் ஒன்று.

கோடு கீழே இறங்கியிருந்தால் கோளாறு எங்கே என்பது அடுத்த கேள்வி. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் சிறிய அதிர்வுக் கருவி ஒன்றை வைத்து அதே ‘பீப்’ ஒலிகளைத் தருவார்கள். இந்த வழியில் ஒலி வெளிக்காதையும் செவிப்பறையையும் தாண்டி, மண்டையோட்டு எலும்பு வழியே நேராகக் காக்ளியாவைச் சேரும். எலும்பு வழியில் நன்றாகக் கேட்டு, காற்று வழியில் குறைவாகக் கேட்டால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. இரண்டிலும் ஒரே அளவுக்குக் குறைந்திருந்தால் காக்ளியாவிலோ நரம்பிலோ இருக்கிறது. முதல் வகைக்கு மருந்தோ அறுவை சிகிச்சையோ பல நேரங்களில் கைகொடுக்கும். காதழுக்கை அகற்றினாலே சரியாகிவிடுவதும் உண்டு. அந்த அழுக்கைப் பஞ்சுக்குச்சியால் உள்ளே தள்ளி அடைத்து வைத்திருப்பது பெரும்பாலும் நாமேதான். இரண்டாம் வகைக்குச் செவித்துணைக் கருவி தேவைப்படலாம்.

பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் இசைக்கவையைக் கொண்டும் மருத்துவர்கள் இதே கேள்வியைக் கேட்பார்கள். ரின்னே என்ற ஜெர்மானிய மருத்துவர் 1855-இல் விவரித்த சோதனை இன்றும் வழக்கத்தில் இருக்கிறது. 512 ஹெர்ட்ஸ் கவையைத் தட்டிக் காதுக்குப் பின்னால் எலும்பில் ஒருமுறை, காதுக்கு முன்னால் காற்றில் ஒருமுறை வைத்து எது பலமாகக் கேட்கிறது என்று கேட்பார்கள். கவை இல்லாமலே இதன் ஒரு பகுதியை இப்போதே செய்து பாருங்கள். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். பிறகு ஒரு காதை மட்டும் விரலால் அடையுங்கள். ஒலி அடைத்த காதுப் பக்கம் சாய்கிறதல்லவா? எலும்பு வழியே வந்த தாழ்ந்த ஒலி வெளியேற வழியில்லாமல் அங்கே பலமாகிறது. வழி அடைபட்ட காதில் எலும்பு ஒலி பலமாகக் கேட்கும் என்பதை வைத்துத்தான் மருத்துவர் நடுக்காதைச் சந்தேகிக்கிறார்.

பிள்ளைகளிடம் நடுக்காதுக் கோளாறே அதிகம். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழல் அவர்களுக்குக் குட்டையாகவும் படுக்கை வாட்டமாகவும் இருப்பதால், சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கும். வலி இருக்காது, சீழ் வடியாது. எனவே யாருக்கும் தெரியாது. டிம்பனோமெட்ரி என்ற சோதனை இதைச் சில வினாடிகளில் காட்டிவிடும். காதில் மென்மையான முனை ஒன்றைப் பொருத்திக் காற்றழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும், செவிப்பறை எவ்வளவு நெகிழ்கிறது என்று அளப்பார்கள். நல்ல காதுக்கு மலைமுகடுபோல் ஒரு கோடு வரும். நீர் தேங்கியிருந்தால் கோடு தட்டையாகக் கிடக்கும். பிள்ளை எதையும் சொல்ல வேண்டாம், அழாமல் உட்கார்ந்தால் போதும். இது கேட்கும் திறனை அளப்பதில்லை, செவிப்பறையின் அசைவை மட்டுமே அளக்கிறது. அதனால் தனியாகச் செய்தால் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

தேங்கிய நீர் பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தானாகவே வடிந்துவிடும் என்பதால் மருத்துவர்கள் பொறுத்திருந்து பார்ப்பதுண்டு. ஆனால் அந்த மூன்று மாதமும் வகுப்பு நடந்துகொண்டுதானே இருக்கிறது? மின்விசிறி சுற்றும் வகுப்பறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 25, 30 டெசிபல் குறைந்தாலே ஆசிரியரின் பாதிப் பேச்சு கரைந்துவிடும். சொல்வதெழுதுதலில் சொல்லின் கடைசி எழுத்தை விடுகிறாரா, கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொல்கிறாரா, பக்கத்துப் பிள்ளை புத்தகத்தை எடுத்த பிறகுதான் தானும் எடுக்கிறாரா என்று ஆசிரியர்கள் பார்க்கலாம். மதிப்பெண் அட்டையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதுவதற்கு முன் காதைச் சோதிக்கச் சொல்வது நல்லது. இதை ஆசிரியர் அறையிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பேசவே தெரியாத கைக்குழந்தையைச் சோதிப்பது எப்படி? 1978-இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற இயற்பியலாளர் ஒரு வியப்பை அறிவித்தார்: ஒலியைக் கேட்கும் காக்ளியா, பதிலுக்குத் தானும் மிக மெல்லிய ஒலியை வெளிவிடுகிறது. மயிரணுக்களில் ஒரு வகை, ஒலி வந்ததும் சுருங்கி விரிந்து அதைப் பெருக்குகிறது. அந்த அசைவின் எதிரொலிதான் வெளியே வருகிறது. தூங்கும் குழந்தையின் காதில் சிறிய முனையை வைத்து ஒலியைத் தந்து, இந்த எதிரொலியை மைக்ரோபோனில் பிடிக்கிறார்கள். சில நிமிட வேலை. எதிரொலி வராவிட்டால் பெற்றோர் பதறத் தேவையில்லை. பிறந்த முதல் நாள்களில் காதுக்குள் ஈரமும் அழுக்கும் இருந்தாலே வராமல் போகலாம். மீண்டும் சோதிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த மறுசோதனைக்குப் போகாமல் விடுவதுதான் ஆபத்து.

எதிரொலி வந்தாலும், காக்ளியாவிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதற்கு நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, ‘டிக்’ ‘டிக்’ என்று ஒலி தந்து, மூளைத்தண்டில் 10 மில்லி வினாடிக்குள் எழும் மின்னலைகளைப் பதிவு செய்வார்கள். குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனை முக்கியம். முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறாம் மாதத்துக்குள் உதவி என்பது பல நாடுகள் பின்பற்றும் கணக்கு. ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி வளர்ச்சி, பிறகு கண்டறியப்பட்டவர்களைவிடச் சிறப்பாக இருந்ததை அமெரிக்க ஆய்வு ஒன்று 1998-இலேயே காட்டியது. பிறந்தபோது தேறிய காதும் மூளைக்காய்ச்சல், புட்டாளம்மை போன்றவற்றால் பின்னாளில் பாதிக்கப்படலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சோதனை சட்டப்படி வரும் உரிமை. மலேசியாவில் 2019 ஜூன் 1 நடப்புக்கு வந்த இரைச்சல் விதிமுறைகளின்படி 8 மணி நேர வேலைக்கு எல்லை 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிறது: 88-இல் 4 மணி நேரம், 91-இல் 2, 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் வெறும் 15 நிமிடம். எல்லையைத் தாண்டிய இரைச்சலில் வேலை செய்பவருக்கு முதலாளி ஆண்டுதோறும் செவிச் சோதனை செய்ய வேண்டும். இந்தக் கணக்கைக் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்பவர்களும் உறுமி மேளக் குழுப் பிள்ளைகளும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். பக்திக்கும் டெசிபலுக்கும் பகையில்லை. காதடைப்பான் போட்டுக்கொண்டும் தாளம் தவறாமல் அடிக்கலாம்.

இரைச்சலால் கெட்ட காதின் வரைபடத்தில் ஓர் அடையாளம் இருக்கும். 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளம்போல் இறங்கி, 8000-இல் மீண்டும் ஏறும். முதுமையின் கோடு இப்படி ஏறுவதில்லை. பள்ளம் விழத் தொடங்கும்போது வீட்டில் பேசுவது நன்றாகவே கேட்கும், தொழிலாளிக்கு எந்தக் குறையும் தெரியாது. அவருக்கு முன்பே தாளுக்குத் தெரிந்துவிடும். 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ்களின் சராசரி, முதல் சோதனையைவிட 10 டெசிபல் இறங்கினாலே அதை எச்சரிக்கையாகக் கொள்கிறார்கள். அதனால்தான் முதல் சோதனைக்கு முன் 14 மணி நேரம் இரைச்சலைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். களைத்த காதோடு போனால் அடிப்படை அளவே தவறாகிவிடும். பிற்பாடு உண்மையாகவே காது கெட்டாலும் வேறுபாடு தெரியாது.

பேச்சுச் சோதனை என்று ஒன்றும் உண்டு. சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். ‘கேட்கிறது, புரியவில்லை’ என்பவர்களுக்கு இதுதான் பிரச்சினையை நேராகத் தொடுவது. ஆனால் மலாயிலோ ஆங்கிலத்திலோ பழக்கமில்லாத பாட்டியை அந்த மொழிச் சொற்களால் சோதித்தால் காது சரியாக இருந்தாலும் மதிப்பெண் குறையும். அவருக்குத் தமிழ்தான் வரும் என்பதை உடன் போகிறவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சுகாதாரக் கிளினிக்கின் மருத்துவர் தேவைப்பட்டால் அரசாங்க மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குக் கடிதம் தருவார். போகும்போது வீட்டிலிருந்து ஒருவர் உடன் போங்கள்; டாக்டர் சொல்வதையும் அப்பா பாதிதான் கேட்பார். சோதனை முடிந்ததும் தாளின் படி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை அதையும் கையோடு எடுத்துச் சென்றால், 4000 ஹெர்ட்ஸில் சிவப்பு வட்டம் போன ஆண்டு எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று மேசையில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தே பார்த்துவிடலாம்.