கூரைக்கு 12 ஆண்டு வாரன்ட்டி. ஒழுகினால் யார் பொறுப்பு?

அமெரிக்காவில் ஆர்.வி. வாங்கப் போகிறவரிடம் டீலர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாசகம், "கூரைக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷ வாரன்ட்டி இருக்கிறது". அது பொய்யில்லை. ஆனால் அந்த வாரன்ட்டி கூரையின் மேல் ஒட்டியிருக்கும் விரிப்புக்கு மட்டும். மழைத்தண்ணீர் விரிப்பைத் துளைத்துக்கொண்டு வருவது அபூர்வம். விரிப்பில் வெட்டிய துளைகளின் ஓரமாகவும், விரிப்பு முடிகிற விளிம்பின் வழியாகவும்தான் அது உள்ளே இறங்குகிறது. அந்த இடங்களை அடைத்திருக்கும் சீலன்டைப் பார்த்துக்கொள்வது உரிமையாளர் பொறுப்பு என்று கையேட்டின் பின்பக்கங்களில் அச்சிட்டிருப்பார்கள். வாங்கும் நாளில் யார் கையேட்டைப் புரட்டுகிறார்கள்?

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டிய வண்டிதான் ஆர்.வி. தானே ஓடினால் மோட்டார் ஹோம். பிக்கப் டிரக்கின் பின்னால் இழுத்துப் போனால் டிரெய்லர். இவற்றில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்க்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. மணிக்கு அறுபது மைல் வேகத்தில் குலுங்கிக்கொண்டே ஓடும் வீட்டின் கூரை என்ன பாடு படும் என்று யோசித்துப் பாருங்கள். கோடை விடுமுறைக்கென்று பழைய டிரெய்லர் வாங்க நினைக்கும் டொரோண்டோ, நியூ ஜெர்சி தமிழ்க் குடும்பங்களும் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

கூரையின் அமைப்பு எளிது. மர அல்லது அலுமினியச் சட்டம், அதன்மேல் மெல்லிய பலகை, பலகைமேல் பசை தடவி ஒட்டிய ஒற்றை விரிப்பு. விரிப்பு பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பராகவோ டி.பி.ஓ. என்ற பிளாஸ்டிக் வகையாகவோ இருக்கும். விலை கூடிய வண்டிகளில் ஃபைபர்கிளாஸ். இதில் காற்றுப் போக்கிக்கும் ஏசிக்கும் சுமார் 14 அங்குலச் சதுரத் துளைகள், குளியலறைக்கு மேலே ஒரு ஸ்கைலைட், கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாய், ஃபிரிட்ஜின் வெப்பம் வெளியேறும் வழி, ஆன்டெனா, ஏணியின் திருகுகள் என்று வரிசையாக ஓட்டை போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு பட்டை சீலன்ட். அது வெயிலில் காய்ந்து, குளிரில் சுருங்கி, குலுங்கலில் விரிசல் விடும். மயிரிழை விரிசல் போதும்.

தண்ணீர் நுழைந்த இடத்திலேயே சொட்டினால் நல்லது. அப்படிச் செய்வதில்லை. பலகைக்கும் விரிப்புக்கும் நடுவே ஊர்ந்து, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து, முன்பக்க விளிம்பில் புகுந்தது பின்பக்கப் படுக்கைக்கு மேலே கறையாகத் தெரியும். கறை தெரிவதற்குள் பலகை ஊறி மாதங்கள் ஆகியிருக்கலாம். அலமாரியின் உள்மூலையைத் தடவிப் பார்ப்பது, மூடிக் கிடந்த வண்டியைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று கவனிப்பது, வெளிச்சுவரின் மேல்தகடு எங்காவது கொப்புளம்போல் உப்பியிருக்கிறதா என்று வெயில் சாய்ந்த நேரத்தில் பக்கவாட்டில் நின்று பார்ப்பது எல்லாம் கறைக்கு முந்திய எச்சரிக்கைகளைக் காட்டிக்கொடுக்கும். சுவர் உப்பியிருந்தால் உள்ளே ஒட்டு விட்டுப்போய்விட்டது என்று பொருள். செலவு அப்போது கூரையோடு நிற்காது.

ரப்பர் கூரை வண்டிகளின் பக்கச்சுவரில் மழைக்குப் பிறகு வெள்ளைக் கோடுகள் வழிந்திருக்கும். பயப்பட வேண்டாம். ஈ.பி.டி.எம். விரிப்பின் மேற்பரப்பு வெயிலில் மெல்லப் பொடியாகி உதிர்வது இயல்பு. இதைக் காட்டி "கூரையே போச்சு சார், மாற்றியாக வேண்டும்" என்று ஆயிரக்கணக்கில் மதிப்பீடு நீட்டுகிறவர்களிடம்தான் பயம் வேண்டும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் விடாமல் செய்ய வேண்டும். பல உற்பத்தியாளர்கள் 90 நாளுக்கு ஒருமுறை எல்லா இணைப்புகளையும் பார்க்கச் சொல்கிறார்கள். மென்மையான சோப்பும் தண்ணீரும் போதும். பெட்ரோலியம் கலந்த கழுவு திரவம் பட்டால் ரப்பர் உப்பும். விரிசல் கண்ட இடத்தில் தளர்ந்த பழைய சீலன்டை எடுத்துவிட்டு, துடைத்து, காயவிட்டு, அந்த வகைக் கூரைக்கென்றே உள்ள லேப் சீலன்டைப் போட வேண்டும். மட்டமான இடத்துக்குத் தானே பரவும் வகை. செங்குத்தான இடத்துக்கு வழியாத வகை. கடையில் மலிவாகக் கிடைக்கிறதென்று குளியலறைச் சிலிக்கானைப் பூசிவிடாதீர்கள். ரப்பர் விரிப்பில் அது சரியாகப் பிடிக்காது. அதைவிட மோசம், அது இருந்த இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது.

ஏசி சங்கதி தனி. அதைச் சுற்றிச் சீலன்ட் பூசும் வழக்கமே கிடையாது. துளையின் ஓரத்தில் ஒரு தடித்த ஃபோம் கேஸ்கெட், அதன்மேல் ஏசி, உள்ளேயிருந்து அதைக் கீழே இழுத்து அமுக்கும் நீளமான போல்ட்டுகள். ஓட்டத்தில் போல்ட் தளர்ந்தால் ஏசிக்கு நேர்கீழே சொட்டும். உள்மூடியைக் கழற்றி, போல்ட்டுகளை ஒன்றுமாற்றி ஒன்றாக, கையேடு சொல்லும் அளவுக்குச் சீராக இறுக்கினாலே பல சமயம் நின்றுவிடும். இது தெரியாமல் மேலே ஏறிச் சுற்றிலும் சீலன்டை அப்பினால், ஏசி தானே வெளியேற்றும் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் அதுவும் உள்ளேதான் இறங்கும்.

எல்லாக் கூரையும் ஆள் நடக்கத் தாங்காது. கையேட்டில் பார்த்துவிட்டு ஏறுங்கள். ஏறினாலும் ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு அதன்மேல் மண்டியிட்டு வேலை செய்வது கூரைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. ஈரமான ரப்பர் விரிப்பு வழுக்கும். மேலே மின்கம்பி போகிறதா என்றும் பார்க்க வேண்டும். தனியாக ஏறவே கூடாது.

இனி உரிமைகள். 1975இல் வந்த மாக்னசன்-மாஸ் வாரன்ட்டிச் சட்டம் அமெரிக்கா முழுவதற்கும் பொது. எங்கள் டீலரிடம்தான் பராமரிப்பு செய்ய வேண்டும், எங்கள் பெயர் போட்ட சீலன்டைத்தான் பூச வேண்டும், இல்லாவிட்டால் வாரன்ட்டி ரத்து என்று நிறுவனம் நிபந்தனை போட முடியாது. இலவசமாகச் செய்து தந்தால் அல்லது கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திடம் விலக்கு வாங்கியிருந்தால் ஒழிய. நீங்கள் பூசிய தவறான பொருளால்தான் விரிப்பு கெட்டது என்றால், அந்தச் சேதத்துக்கு மட்டும் அவர்கள் மறுக்கலாம். எழுத்தில் வாரன்ட்டி தந்த நிறுவனம், பொருள் அதன் சாதாரணப் பயன்பாட்டுக்குத் தகுதியாக இருக்கும் என்று சட்டம் தானாகவே தரும் உறுதியை அடியோடு மறுக்கவும் முடியாது. அதன் காலத்தைச் சுருக்கலாம், அவ்வளவுதான். வழக்கில் ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தையும் எதிர்த்தரப்பிடம் வாங்கித்தர இந்தச் சட்டத்தில் வழி உண்டு.

பழுதான புதுக் காரைத் திருப்பிக் கொடுக்க வழிசெய்யும் 'லெமன்' சட்டங்களை நம்பி ஆர்.வி. வாங்காதீர்கள். மாநிலத்துக்கு மாநிலம் அவை மாறும். டெக்சாஸ் சட்டம் மோட்டார் ஹோமையும் இழுவை டிரெய்லரையும் சேர்த்துக்கொள்கிறது. கலிஃபோர்னியா சட்டத்தின் கார்களுக்கான விசேஷப் பிரிவு மோட்டார் ஹோமின் சேஸிக்கும் ஓட்டும் பகுதிக்கும் பொருந்தும். குடியிருக்கும் பகுதிக்குச் சாதாரண நுகர்பொருள் வாரன்ட்டி விதிகள்தான். இத்தனை ஆர்.வி.க்களைச் செய்து அனுப்பும் இண்டியானாவின் லெமன் சட்டமோ மோட்டார் ஹோமையே விலக்கி வைத்திருக்கிறது. இது தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. வாரன்ட்டித் தாளில் இன்னும் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: வழக்கை எந்த மாநில நீதிமன்றத்தில் போட வேண்டும், எத்தனை நாளுக்குள் போட வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் விற்பனை ஒப்பந்த மீறலுக்கு நான்கு ஆண்டுக் கெடு உண்டு. ஒப்பந்தத்தில் அதை ஓராண்டு வரை குறைத்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. நாம் போடும் கையெழுத்துதான் குறைக்கிறது.

ஒன்டாரியோவில் டீலரிடம் சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறவர் நிலை கொஞ்சம் தேவலை. அங்கே 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளின் தரம் பற்றிச் சட்டம் தரும் உறுதியை "உள்ளது உள்ளபடி விற்கிறேன்" என்று எழுதி டீலர் கழற்றிவிட முடியாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் பழைய வண்டிக்கு அந்த ஒரு வரி போதும், டீலர் கை கழுவிவிடலாம். தனிநபரிடம் வாங்கினால் எங்குமே பாதுகாப்பு குறைவு.

ஆகவே பழைய வண்டியைப் பணம் கொடுப்பதற்கு முன்பே சோதிக்க வேண்டும். ஈரப்பதமானி வைத்துச் சுவர், விதானம், மூலைகளைப் பார்க்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அதைவிடத் தெளிவானது காற்றழுத்தச் சோதனை: உள்ளே காற்றை ஊதி லேசான அழுத்தம் ஏற்றி, வெளியே கூரை இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பதுபோல, ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். இதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரின் வண்டியை விட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

இன்ஷூரன்ஸைப் பற்றி ஒரே வார்த்தை: திடீர். ஆலங்கட்டி மழை, முறிந்து விழுந்த கிளை போன்றவற்றுக்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசி பணம் தரும். நாளடைவில் கசிந்து உளுத்த பலகைக்கும் பூஞ்சைக்கும் தராது. புயல் அடித்த மறுநாளே படம் எடுத்துத் தகவல் சொல்லாமல் மூன்று மாதம் கழித்துப் போனால், அது புயலா பழைய கசிவா என்ற கேள்வி உங்கள் தலையில்தான் விழும்.

முகாம்களில் வண்டி வண்டியாகக் கதவைத் தட்டி, "இன்றைக்கே கூரைக்குப் பூச்சு அடித்துத் தருகிறேன், பாதிப் பணம் முன்கூட்டி" என்று வருகிறவர்கள் உண்டு. ஊறிய பலகையின் மேல் பூச்சு அடித்தால் ஈரம் உள்ளேயே அடைபடும். ஒழுகல் சில மாதம் மறைந்திருக்கும், பலகை உளுத்துக்கொண்டே இருக்கும். விற்பவரின் வழக்கமான வியாபார இடத்துக்கு வெளியே, அவராக வந்து பேசி முடித்த பேரம் 130 டாலரோ அதற்கு மேலோ என்றால் (உங்கள் வீட்டிலேயே என்றால் 25 டாலர்), கூட்டாட்சி விதிப்படி மூன்று வேலைநாளுக்குள் ரத்து செய்யலாம். நீங்களாகக் கூப்பிட்ட பழுதுபார்ப்பவருக்கு இது பொருந்தாது. அவருக்குக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வேலை மோசமாக இருந்து, தொகை 50 டாலருக்கு மேல் இருந்து, பரிவர்த்தனை உங்கள் மாநிலத்திலோ வீட்டிலிருந்து 100 மைலுக்குள்ளோ நடந்திருந்தால், அவரிடம் பேசித் தீர்க்க முயன்ற பிறகு, இன்னும் கட்டாத பாக்கியைக் கொடுக்க மறுத்து வங்கியிடம் முறையிட சட்டம் இடம் தருகிறது. ரொக்கத்துக்கு அந்த வசதி இல்லை.

வாரன்ட்டிக் காலத்தில் கசிவைக் கண்டால் ஃபோனில் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். குறையைக் கண்டதும் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்காதவர் நிவாரணத்தையே இழக்கலாம் என்பது அமெரிக்க விற்பனைச் சட்டத்தின் விதி. டீலருக்கும் உற்பத்தியாளருக்கும் தனித்தனியாக மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள்: வண்டியின் 17 இலக்க அடையாள எண், கசிவைப் பார்த்த தேதி, படங்கள், நீங்கள் கடைசியாகச் சீலன்டைச் சோதித்த தேதி. கூரைப் படங்களைத் தேதியோடு, சீலன்ட் வாங்கிய ரசீதோடு ஒரு கோப்பில் வைத்திருப்பவரிடம் "பராமரிக்கவில்லை, அதனால் வாரன்ட்டி இல்லை" என்ற வழக்கமான பதில் எடுபடாது. வண்டியைப் பழுதுக்கு விடும்போது பணியாணையில் "உரிமையாளர் பார்வையிடச் சொன்னார்" என்று எழுதாமல் "முன்பக்க விளிம்பில் நீர்க்கசிவு" என்றே எழுதச் சொல்லிப் பிரதி வாங்குங்கள். எத்தனை தடவை பழுதுக்கு விட்டீர்கள், எத்தனை நாள் வண்டி அங்கே கிடந்தது என்பதற்கு அந்தப் பிரதிகள்தான் சாட்சி.

அப்படியும் மசியாவிட்டால் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவில் புகார் செய்யலாம். தொகை சிறியதென்றால் வக்கீல் இல்லாமலே சிறு வழக்கு மன்றத்துக்குப் போகலாம். உச்சவரம்பு இண்டியானாவில் 10,000 டாலர், கலிஃபோர்னியாவில் தனிநபருக்கு 12,500, டெக்சாஸில் 20,000. கூரைப் பலகையோடு விரிப்பை மாற்றும் செலவு பெரும்பாலும் இந்த வரம்புகளுக்குள் அடங்கிவிடும். சுவரும் சேர்ந்து உளுத்திருந்தால் வக்கீலிடம் போக வேண்டியதுதான். முதல் சந்திப்புக்கே அந்தக் கோப்பை எடுத்துப் போங்கள்.